சர்க்கரையின் உருவில் ஒரு சுவடுகாட்டி: புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் கதிரியக்க மூலக்கூறுகள்

உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமாக்கும் பெட் ஸ்கேன் படம் ஒன்றைப் பார்க்கும்போது, நுரையீரலின் ஓரத்திலோ நிணநீர்க் கணு ஒன்றிலோ தனித்து ஒளிரும் புள்ளிதான் முதலில் கண்ணில் படுகிறது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தது வளைய வடிவிலான அந்தப் பெரிய கருவிதான் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அந்தக் கருவிக்குப் புற்றுநோயைப் பற்றி எதுவும் தெரியாது. தனக்குள் படுத்திருப்பவரின் உடலில் எந்த இடத்திலிருந்து எவ்வளவு காமா கதிர் புறப்படுகிறது என்பதை மட்டுமே அது கணக்கிடுகிறது. கட்டியிலிருந்து கதிர் மிகுதியாகவும், அதை ஒட்டியுள்ள நலமான திசுவிலிருந்து குறைவாகவும் புறப்படும்படி செய்வது, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்பு இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்ட, சுவடுகாட்டி எனப்படும் ஒரு கதிரியக்க மூலக்கூறு. எதைத் தேடுவது, எங்கே தங்குவது, எங்கிருந்து விலகிவிடுவது என்பன எல்லாம் அந்த மூலக்கூறின் வடிவத்திலேயே எழுதப்பட்டுள்ளன. கருவிகளைப் பற்றிப் பேசப்படும் அளவுக்கு இந்த மூலக்கூறுகளை வடிவமைத்த வேதியியலாளர்களைப் பற்றிப் பேசப்படுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அவர்களில் ஒருவரான ஜோன்னா ஃபௌலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த வேலையை அறிந்துகொண்டால், இன்று புற்றுநோய் மருத்துவத்தில் புழங்கும் மற்றக் கதிரியக்கச் சுவடுகாட்டிகளையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

ஃபௌலர் 1942-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் பிறந்தவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றபின், 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ஆல்ஃபிரட் வுல்ஃப் என்னும் வேதியியலாளரின் தலைமையில் இயங்கிய குழு, சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் உருவாகும், மிகக் குறுகிய ஆயுள் கொண்ட ஐசோடோப்புகளை (ஒரு தனிமத்தின் கதிரியக்க வகைகளை) கரிம மூலக்கூறுகளில் பொருத்தும் வழிகளைத் தேடிக்கொண்டிருந்தது. அணுக்கருவையும் கரிம வேதியியலையும் ஒருசேர அறிந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலராக இருந்த காலம் அது.

இந்தத் துறையின் அடிப்படை எண்ணம் இன்னும் பழையது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் ஹெவெசி, ஒரு தனிமத்தின் கதிரியக்க அணுவும் அதன் சாதாரண அணுவும் வேதியியல் நடத்தையில் பிரித்தறிய முடியாதவை என்பதை வைத்து, கதிரியக்க அணுவைச் சிறிதளவு கலந்துவிட்டால் அந்தத் தனிமம் செல்லும் வழியை எல்லாம் வெளியிலிருந்தே பின்தொடரலாம் என்று கண்டார். 1923-இல் அவரை விதைச் செடிகளில் ஈயம் எவ்வாறு பரவுகிறது என்பதை அவர் இவ்வகையில் அளந்தார். இதற்காக 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. கலக்கும் அளவு மிக நுண்மையானது என்பதால் அளக்கப்படும் உயிரின் இயக்கம் சற்றும் கலைவதில்லை. சுவடுகாட்டி என்னும் கருத்தின் முழு வலிமையும் அந்த நுண்மையில்தான் இருக்கிறது.

புற்றுநோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை 1920-களில் கவனித்தவர் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க். கட்டித் திசு, ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போதும், குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல் பெருமளவில் லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது என்று அவர் கண்டார். இந்த வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், அத்தகைய செல்கள் நலமான செல்களைவிடப் பல மடங்கு குளுக்கோஸை உள்ளிழுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு வார்பர்க் கூறிய காரணம் பின்னாளில் பெரிதும் திருத்தப்பட்டுவிட்டது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருள்களும் தேவை என்பதும், குளுக்கோஸின் இடைநிலைப் பொருள்கள் அதற்குப் பயன்படுகின்றன என்பதும் இன்றைய விளக்கத்தில் முக்கிய இடம் பெறுகின்றன. அவர் அளந்த நிகழ்வு மட்டும் அப்படியே நிற்கிறது.

வியப்பு என்னவென்றால், ப்ரூக்ஹேவன் குழு இந்தச் சுவடுகாட்டியை உருவாக்கத் தொடங்கியது புற்றுநோய்க்காக அல்ல, மூளைக்காக. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய லூயி சோகோலாஃப், கதிரியக்கக் கார்பன்-14 பொருத்திய டீஆக்சிகுளுக்கோஸ் என்னும் சர்க்கரையை விலங்குகளுக்குச் செலுத்தி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் முறையை வகுத்திருந்தார். ஆனால் கார்பன்-14 வெளியிடும் பீட்டா கதிர் திசுவைக் கடந்து வெளியே வராது. மூளையை வெளியே எடுத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒளிப்படத் தகட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும். உயிருள்ள மனிதரிடம் இதே அளவீட்டைச் செய்ய வேண்டுமென்றால், உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் கதிரை உண்டாக்கும் அணு ஒன்று அதே சர்க்கரையில் வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ரைவிச், டேவிட் கூல், அபாஸ் அலவி ஆகியோர் இந்தத் தேவையோடு வுல்ஃபின் குழுவை அணுகினர்.

குளுக்கோஸை ஒத்த மூலக்கூறு வேண்டும் என்றால் குளுக்கோஸிலேயே கதிரியக்கக் கார்பன்-11 அணுவைப் பொருத்திவிடலாமே என்று தோன்றலாம். அதில் இரண்டு இடையூறுகள் இருந்தன. கார்பன்-11-இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைந்துபோக எடுக்கும் நேரம், ஏறத்தாழ 20 நிமிடங்கள். லாங் ஐலண்டில் தயாரித்துப் பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுசெல்வதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். அதைவிடப் பெரிய இடையூறு, உண்மையான குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்தவுடன் தொடர்ச்சியாக மாற்றம் அடைந்து, கார்பன் டைஆக்சைடாகவோ லாக்டிக் அமிலமாகவோ வெளியேறிவிடுகிறது என்பது. எங்கே எரிந்ததோ அங்கே சுவடு நிற்காது. படமெடுக்க வேண்டுமானால் நுழைந்த மூலக்கூறு வெளியேறாமல் அங்கேயே தங்க வேண்டும்.

இதற்கான விடை குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் இருந்தது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செல்லுக்குள் செல்லும்போது, முதலில் செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதம் அதை உள்ளே விடுகிறது. பின்னர் ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி அதன் ஆறாம் கார்பனில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மின்னேற்றம் பெற்ற பாஸ்பேட் ஒட்டியபின் அந்த மூலக்கூறால் சவ்வைக் கடந்து திரும்ப முடியாது. அடுத்த படியில், இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியின் உதவியோடு அது ஃபிரக்டோஸ் வடிவத்துக்கு மாறுகிறது. இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் இல்லாவிட்டால் முதல் இரண்டு படிகளும் நடக்கும், மூன்றாவது நடக்காது. ஹெக்சோகைனேஸ் இந்தக் குறையைப் பொருட்படுத்துவதில்லை என்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது. பறிக்குள் நுழைந்த மீனைப் போல அந்தச் சர்க்கரை, முன்னே செல்லவும் வழியின்றி, வந்த வழியே திரும்பவும் வழியின்றிச் செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகும்.

எனவே இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதிலாக ஃபுளூரின்-18 அணுவை வைப்பது என்று வுல்ஃபும் ஃபௌலரும் அவர்களுடைய சகாக்களும் முடிவெடுத்தனர். ஃபுளூரின் அணு பருமனில் சிறியது என்பதால் கடத்திப் புரதமும் நொதியும் ஏமாறுகின்றன. கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது என்பதால் உடலுக்குள் எளிதில் கழன்றுவிடுவதில்லை. அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்கள் என்பதால் தயாரிக்கவும் கொண்டுசெல்லவும் படமெடுக்கவும் அவகாசம் கிடைக்கிறது. அந்த இடத்தில் சாதாரண ஃபுளூரினைப் பொருத்திய சர்க்கரையைப் பிராகா நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஜோசெஃப் பாட்சாக்கின் குழு ஏற்கெனவே தயாரித்து 1969-இல் வெளியிட்டிருந்தது. அவர்கள் சர்க்கரை வேதியியலுக்காகச் செய்த அந்த ஆய்வு, சில ஆண்டுகளில் மருத்துவத்துக்குள் வந்து சேர்ந்தது.

எழுத்தில் எளிதாகத் தோன்றும் இந்தத் திட்டத்தை ஆய்வகத்தில் நிறைவேற்றுவது கடினமாக இருந்தது. கதிரியக்கம் நிமிடத்துக்கு நிமிடம் தேய்ந்துகொண்டிருக்கும்போது சாதாரண கரிம வேதியியலின் நிதானமான முறைகள் எதுவும் உதவாது. வேதிவினை, தூய்மைப்படுத்தல், சோதனை, எல்லாம் சேர்ந்து 4 மணி நேரம் பிடித்தால் தொடங்கிய கதிரியக்கத்தில் ஏறத்தாழ 22 சதவீதம்தான் மிஞ்சும். அந்தக் குழு சைக்ளோட்ரானில் நியான் வாயுவின் மீது டியூட்ரான்களை (கன ஹைட்ரஜனின் அணுக்கருக்களை) மோதவிட்டு ஃபுளூரின்-18-ஐ உண்டாக்கி, அதை ஃபுளூரின் வாயுவாக எடுத்தது. ஃபுளூரின் வாயு தொட்டதை எல்லாம் அரிக்கும் தன்மை கொண்டது. இரண்டு அணுக்கள் சேர்ந்த அந்த வாயு மூலக்கூறில் ஒன்றுதான் சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் போய்ச் சேரும். மற்றது முதல் கார்பனில் சேர்ந்து பின்னர் நீக்கப்பட்டுவிடும். ஆகவே எவ்வளவு திறமையாகச் செய்தாலும் கதிரியக்கத்தில் பாதி வீணாவது உறுதி. நடைமுறையில் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. ஜப்பானிய வேதியியலாளர் டட்சுவோ இடோ ப்ரூக்ஹேவனில் தங்கியிருந்தபோது இந்தத் தயாரிப்பை முன்நின்று செய்து முடித்தார். ஃபுளூரோடீஆக்சிகுளுக்கோஸ் என்பது அதன் முழுப்பெயர். எஃப்டிஜி என்று சுருக்கி வழங்கப்படுகிறது.

1976-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ப்ரூக்ஹேவனில் தயாரான எஃப்டிஜி ஒரு சிறு விமானத்தில் பிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அபாஸ் அலவி அதை நலமான இரண்டு தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். அப்போது அங்கே பெட் ஸ்கேனர் இல்லை. வேறு வகை ஸ்கேனர் ஒன்றைச் சற்று மாற்றியமைத்து எடுத்த அந்தப் படங்கள் மங்கலாகவே இருந்தன. ஆனாலும் உயிருள்ள மனித மூளை சர்க்கரையை உட்கொள்வதை அவை முதன்முறையாகக் காட்டின; மூளையைத் தவிர உடலின் மற்றப் பகுதிகளில் அந்தச் சுவடுகாட்டி எங்கெல்லாம் செல்கிறது என்பதையும் ஓரளவு காட்டின.

புற்றுநோய்க்குத் திரும்பியது அதற்குப் பின்னர்தான். கட்டிகள் குளுக்கோஸை மிகுதியாக விழுங்கும் என்ற வார்பர்க்கின் கண்டுபிடிப்பு நூல்களில் அரை நூற்றாண்டாக இருந்துகொண்டே இருந்தது. ஃபௌலர் உட்பட்ட ப்ரூக்ஹேவன் குழு, விலங்குகளின் கட்டிகளில் எஃப்டிஜி விரைவாகச் சேர்வதை 1980-இல் வெளியிட்டது. 1982-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜோவானி டி கிரோவின் குழு, மனித மூளைக் கட்டிகளில் வீரியம் மிக்கவை அதிக எஃப்டிஜியை எடுத்துக்கொள்வதைக் காட்டியது. ஒரு கட்டி எங்கே இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு கொடியது என்பதைப் பற்றியும் ஒரு படம் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

இருப்பினும் அந்த வாயு முறையே தொடர்ந்திருந்தால், எஃப்டிஜி சில ஆய்வகங்களின் அரும்பொருளாகவே நின்றிருக்கும். 1986-இல் ஜெர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் குர்ட் ஹமாக்கர், ஹைன்ஸ் கோனன், கெர்ஹார்ட் ஷ்டொக்லின் ஆகிய மூவரும் வேறொரு பாதையைத் திறந்தனர். ஆக்சிஜன்-18 செறிந்த நீரின் மீது புரோட்டான்களை மோதவிட்டால் ஃபுளூரின்-18, வாயுவாக அன்றி, நீரில் கரைந்த ஃபுளூரைடு அயனியாகக் கிடைக்கும். நீரில் இருக்கும் ஃபுளூரைடு வேதிவினையில் சோம்பேறி. ஒவ்வொரு அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. நீரை அகற்றிவிட்டு, கூடு போன்ற அமைப்புடைய கிரிப்டாண்டு ஒன்றினால் பொட்டாசியம் அயனியைச் சிறைப்பிடித்தபோது, தனித்து விடப்பட்ட ஃபுளூரைடு வீரியத்தோடு வினைபுரிந்தது. தயாரிப்பில் கிடைக்கும் விளைச்சல் 50 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அதைவிட முக்கியமாக, ஈயச் சுவருக்குள் வைக்கப்பட்ட தானியங்கிப் பெட்டி ஒன்று இதைச் செய்ய முடிந்தது. உலகெங்கும் ஒவ்வொரு நாளும் விடியலுக்கு முன்பே சைக்ளோட்ரான்களில் தொடங்கும் எஃப்டிஜி தயாரிப்பு இன்றும் பெரும்பாலும் இந்த முறையைச் சார்ந்தது. பெட் ஸ்கேன் மருத்துவமனைகளுக்குப் பரவியதில் இந்த ஒரு வேதிவினையின் பங்கு எந்த ஸ்கேனரின் பங்குக்கும் குறைந்தது அல்ல என்றே நான் மதிப்பிடுகிறேன்.

கருவியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபுளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை உமிழ்கிறது. அது திசுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவு சராசரியாகச் சென்று, ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து, இரண்டும் அழிந்து, ஒவ்வொன்றும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட இரண்டு காமா ஒளித்துகள்களாக எதிரெதிர்த் திசைகளில் பறக்கின்றன. வளையத்தின் இரு பக்கங்களிலும் சில நானோநொடிகளுக்குள் இரண்டும் பதிவானால், அவற்றை இணைக்கும் கோட்டின் மீது எங்கோ அந்தச் சிதைவு நடந்திருக்கிறது என்று பொருள். இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான கோடுகளைக் கணினி சேர்த்துப் படத்தை மீட்டெடுக்கிறது. டேவிட் டவுன்செண்டும் ரொனால்ட் நட்டும் பெட் கருவியையும் சிடி கருவியையும் ஒன்றாக இணைத்த முன்மாதிரி 1998-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டபின், ஒளிரும் புள்ளி எந்த உறுப்பின் எந்த மூலையில் இருக்கிறது என்ற குழப்பமும் தீர்ந்தது.

இதற்குச் செலுத்தப்படும் மருந்தின் அளவை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். வழக்கமான 370 மெகாபெக்கரல் (நொடிக்கு 37 கோடி சிதைவுகள்) ஊசியில் உள்ள ஃபுளூரின்-18 அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றரை இலட்சம் கோடி. எண் பெரிதாகத் தோன்றினாலும், அவ்வளவு எண்ணிக்கையிலான எஃப்டிஜி மூலக்கூறுகளின் எடை ஒரு நானோகிராம் அளவுதான், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆகவே இது உடலில் மருந்தாகவோ நஞ்சாகவோ எதையும் செய்வதில்லை. கதிர்வீச்சின் அளவு வேறு கணக்கு. அது ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட். உலக சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஈடு. உடன் எடுக்கப்படும் சிடி ஸ்கேன் இதற்கு மேலும் கூட்டுகிறது. புற்றுநோய் உறுதியான அல்லது வலுவாக ஐயப்படும் ஒருவருக்கு இந்தச் சிறு இடரை ஏற்பது நியாயம். எந்த அறிகுறியும் இல்லாதவர் வெறும் முன்னெச்சரிக்கைக்காக இதை எடுத்துக்கொள்வது நியாயம் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

இந்த மூலக்கூறைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஃபுளூரின்-18 சிதைந்தபின் ஆக்சிஜன்-18 ஆகிறது. அந்த ஆக்சிஜன் தன் சூழலிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும்போது, இரண்டாம் கார்பனில் இல்லாமல் இருந்த ஹைட்ராக்சில் தொகுதி உருவாகிவிடுகிறது. செல்லுக்குள் சிக்கியிருந்த மூலக்கூறு, சற்றே எடை கூடிய ஆனால் முறையான குளுக்கோஸ் பாஸ்பேட்டாக மாறி, தடைப்பட்டிருந்த மூன்றாம் படியில் நுழைந்து, மற்றச் சர்க்கரையைப் போலவே எரிந்து முடிகிறது. தன் கதிரை வெளியிடும் அந்தச் செயலாலேயே அது சுவடின்றிக் கரைந்துவிடுகிறது.

எஃப்டிஜியின் மருத்துவப் பயன் வெறும் படங்களின் அழகால் நிறுவப்பட்டதன்று. நுரையீரல் புற்றுநோயில் அறுவைச் சிகிச்சைக்காக மார்பைத் திறந்தபின், நோய் ஏற்கெனவே பரவிவிட்டதாகவோ கட்டி புற்றுநோயே அல்ல என்றோ தெரியவருவது நோயாளிக்குப் பெருந்துன்பம். நெதர்லாந்தில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 188 நோயாளிகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வழக்கமான சோதனைகளை மட்டும் செய்த குழுவில் 41 சதவீதத்தினருக்கு அறுவைச் சிகிச்சை வீணானது. அவற்றோடு பெட் ஸ்கேனும் செய்த குழுவில் அது 21 சதவீதமாகக் குறைந்தது. லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில், கீமோதெரபியின் இரண்டு சுற்றுகளுக்குப் பின் எடுக்கும் படமே சிகிச்சையை மாற்றுவதா தொடர்வதா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்கிறது. கட்டியின் பருமன் சுருங்குவதற்கு முன்பே அதன் சர்க்கரைப் பசி அடங்கிவிடுவதை எஃப்டிஜி காட்டுகிறது என்பதே காரணம்.

ஆனால் எஃப்டிஜி புற்றுநோயைத் தேடுவதில்லை. குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் எந்தச் செல்லையும் அது காட்டும். மூளை எப்போதும் சர்க்கரையையே எரிப்பதால் அங்கே சிறு கட்டிகள் பின்னணி ஒளியில் மறைந்துபோகும். காசநோயின் முடிச்சுகளும் நோய்த்தொற்றும் அறுவைச் சிகிச்சையின் ஆறாத புண்ணும் படத்தில் புற்றுநோயைப் போலவே ஒளிரும், ஏனெனில் அவற்றில் குவியும் வெள்ளையணுக்களும் சர்க்கரையை வேகமாக எரிக்கின்றன. ஊசிக்கு முன் சில மணி நேரம் பட்டினி இருக்கச் சொல்வதும், ஊசிக்குப் பின் அசையாமலும் பேசாமலும் அமரச் சொல்வதும், குளிரில்லாத அறையில் வைப்பதும் எல்லாம், தசைகளும், குளிரில் வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் சுவடுகாட்டியைப் பறித்துக்கொள்ளாமல் இருப்பதற்கே. மறுபுறம், மெல்ல வளரும் புற்றுநோய்கள் பெரும் சர்க்கரைப் பசி கொண்டவை அல்ல. புராஸ்டேட் புற்றுநோய் அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. போதாக்குறைக்கு எஃப்டிஜி சிறுநீரில் வெளியேறிப் புராஸ்டேட்டை ஒட்டிய சிறுநீர்ப்பையை ஒளிரச் செய்துவிடுகிறது.

அந்த இடைவெளியை நிரப்பிய சுவடுகாட்டிகளின் வரலாற்றில் ஒரு தோல்வி மிகுந்த படிப்பினை தருகிறது. பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் சவ்வில் பிஎஸ்எம்ஏ என்னும் புரதம் நலமான செல்களில் இருப்பதைவிட மிக அதிகமாக இருக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றில் கதிரியக்க இண்டியம்-111-ஐப் பொருத்தி உருவாக்கிய படமெடுப்பு மருந்துக்கு 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதன் படங்கள் மருத்துவர்களை ஏமாற்றமடையச் செய்தன. அந்த எதிர்ப்பொருள் பற்றிக்கொண்டது பிஎஸ்எம்ஏ புரதத்தின் உட்பகுதியை. அதாவது செல் சவ்வுக்கு உள்ளே இருக்கும் முனையை. உயிருள்ள செல்லுக்குள் எதிர்ப்பொருளால் நுழைய முடியாது. இறந்து சவ்வு கிழிந்த செல்களில் மட்டுமே அது பிணைந்தது. இலக்கு சரியாக இருந்தும், இலக்கின் எந்தப் பக்கத்தைத் தொடுகிறோம் என்பது தவறியதால் ஒரு சுவடுகாட்டி பயனிழந்தது. எதிர்ப்பொருள்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவை உருவில் பெரியவை என்பதால் இரத்தத்தில் பல நாள்கள் சுற்றுகின்றன. அவற்றோடு 110 நிமிட ஃபுளூரினைப் பொருத்துவதில் பயனில்லை; ஏறத்தாழ 78 மணி நேர அரை ஆயுள் கொண்ட சிர்க்கோனியம்-89 போன்றவையே பொருந்தும். மூலக்கூறு இலக்கை அடைய எடுக்கும் நேரமும் அணுவின் ஆயுளும் ஒத்துப்போவது இந்தத் துறையின் முதல் விதிகளில் ஒன்று.

பிஎஸ்எம்ஏ ஒரு நொதியும்கூட; அதன் வினைமையம் செல்லுக்கு வெளியே இருக்கிறது. அந்தக் குழிக்குள் பொருந்தும் சிறு மூலக்கூறுகளை, குளுட்டமிக் அமிலத்தையும் லைசினையும் யூரியாவால் இணைத்து உருவாக்கும் வழி பின்னர் தெளிவானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பாம்பரின் குழுவும், ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் புற்றுநோய் ஆய்வு மையக் குழுவும் இதை முன்னெடுத்தன. ஹைடெல்பெர்க்கில் உருவான, காலியம்-68 பொருத்திய பிஎஸ்எம்ஏ-11 என்னும் சுவடுகாட்டி சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடங்கள். ஆனால் 271 நாள் அரை ஆயுளோடு மெல்லச் சிதைந்து காலியம்-68 ஆக மாறும் ஜெர்மானியம்-68-ஐ அடைத்த ஒரு குழாயிலிருந்து வேண்டும்போது அதைக் கறந்துகொள்ளலாம் என்பதால், சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைகளும் அதைப் பயன்படுத்த முடிந்தது. 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, பரவல் ஐயம் மிகுந்த புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 302 பேரிடம் இதைச் சோதித்தது. சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்த வழக்கமான முறையின் துல்லியம் 65 சதவீதமாக இருக்க, பிஎஸ்எம்ஏ படத்தின் துல்லியம் 92 சதவீதமாக இருந்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் வழங்கியது.

வேறு புற்றுநோய்களுக்கு வேறு இலக்குகள். ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களில் தோன்றும் நரம்பு நாளமில்லாக் கட்டிகளில் சோமாட்டோஸ்டாட்டின் என்னும் ஹார்மோனின் ஏற்பிகள் மிகுதி. இயற்கை ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால், சிதையாத போலிப் பெப்டைடுகளை வடிவமைத்து, அவற்றில் காலியம்-68-ஐப் பொருத்தினர். மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் காட்டும் ஃபுளூரோஈஸ்ட்ரடையாலை இலினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் காட்ஸனெல்லன்போகனும் செயின்ட் லூயிஸின் மைக்கேல் வெல்ச்சும் 1980-களிலேயே உருவாக்கிவிட்டனர். அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2020-இல். நோய் பல இடங்களுக்குப் பரவியிருக்கும்போது எல்லாக் கட்டிகளிலும் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க முடியாது. ஹார்மோன் சிகிச்சைக்கு எவை கட்டுப்படும் என்பதை ஒரே படத்தில் காட்டும் ஒரு கருவி இத்தனை காலம் காத்திருந்தது வருந்தத்தக்கது. காப்புரிமைக் காலம் கடந்த, பெரும் இலாபம் தராத சுவடுகாட்டிகளுக்குச் செலவுமிக்க மருத்துவச் சோதனைகளை நடத்த ஆளில்லாமல் போவது இந்தத் துறையின் ஆறாத குறை.

இலக்கைக் காட்டும் மூலக்கூறில், படமெடுக்கும் அணுவுக்குப் பதிலாகச் செல்லை அழிக்கும் அணுவைப் பொருத்தலாம் என்பதும் இந்த வேதியியலிலிருந்தே கிளைத்தது. பிஎஸ்எம்ஏவைப் பற்றும் மூலக்கூறு ஒன்றில் லுட்டேசியம்-177-ஐப் பொருத்திய மருந்து, 831 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், முற்றிய புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் இடைநிலை வாழ்நாளை 11.3 மாதங்களிலிருந்து 15.3 மாதங்களாக நீட்டித்தது. 2022-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. யாருக்கு அதைக் கொடுப்பது என்பதை முன்கூட்டி எடுக்கும் பெட் படமே தீர்மானிக்கிறது: படத்தில் ஒளிராத கட்டிக்கு மருந்தும் போய்ச் சேராது. படத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் ஒளிர்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்தச் சிகிச்சை பெறுவோர் ஏன் வாய் வறட்சியால் அவதிப்படுகிறார்கள் என்பது விளங்கும்.

ஜோன்னா ஃபௌலருக்கு 2008-ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கப்பட்டது. அவர் வகுத்த வேதியியலின் வழிவந்தவர்கள் இன்று புற்றுநோய்ச் செல்லையே விட்டுவிட்டு அதன் அண்டையில் தேடுகிறார்கள். கட்டிக்குள் புற்றுச் செல்களோடு, அவற்றுக்குத் தாங்கலாக இழைமத்தை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் பெருமளவில் இருக்கின்றன. அவை வெளிப்படுத்தும் எஃப்ஏபி என்னும் நொதியைப் பற்றும் சுவடுகாட்டிகளை ஹைடெல்பெர்க் குழு 2018-இல் அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டில் 28 வகைப் புற்றுநோய்களில் அவற்றின் படங்களை வெளியிட்டது. மூளையின் பின்னணி ஒளி இதில் இல்லை; பட்டினி இருக்கவும் தேவையில்லை. ஆனால் ஆறும் புண்ணும் மூட்டழற்சியும் இதிலும் ஒளிர்கின்றன. முதலில் வந்த எஃப்ஏபி மூலக்கூறுகள் கட்டியில் சில மணி நேரமே தங்கி வெளியேறிவிட்டன. படமெடுக்க அது போதும். ஏறத்தாழ ஆறரை நாள் அரை ஆயுள் கொண்ட லுட்டேசியத்தைச் சுமந்து சென்று சிகிச்சை அளிக்க அது போதாது. பெப்டைடுகளால் ஆன வளையங்கள், ஒரே மூலக்கூறில் இரண்டு பிடிகள், இரத்தத்தின் ஆல்புமினோடு ஒட்டி மெல்லச் சுற்றும் வால்கள் எனப் பல வடிவங்களை ஆய்வகங்கள் இப்போது ஒவ்வொன்றாகச் சோதித்து வருகின்றன.